பதினேழாம் நம்பரும் பஞ்சத்துச் சனமும்

வெங்கரிசல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் கடைசியாக மிஞ்சியவள் முனீஸ்வரி ஒருத்திதான் என்பதும், அவளுக்குப் பின்னால் இரண்டு வருஷமாக அங்கே ஒரு ஈ காக்கைகூடச் சேரவில்லை என்பதும் ஊருக்கே தெரிந்த சங்கதி. பேராசிரியர் தணிகாசலத்துக்கு மட்டும் அது தெரியாது, அல்லது தெரிந்தும் அவர் கண்டுகொள்ளவில்லை. காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் வருகைப் பதிவேட்டை விரித்து 'ஒண்ணு' என்பார், ஒன்றாம் நம்பர் எங்கேயோ போலீஸ் பயிற்சியில் கவாத்துப் பழகிக்கொண்டிருக்கும், பதில் வருவதற்கு வேண்டிய நேரம் காத்திருந்துவிட்டு 'ரெண்டு' என்பார், இரண்டாம் நம்பர் திருப்பூரில் பனியன் மடித்துக்கொண்டிருக்கும், அதற்கும் காத்திருப்பார், இப்படி ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்து 'பதினேழு' என்றதும் முனீஸ்வரி 'உள்ளேன் ஐயா' என்பாள், அப்பாடா ஒரு ஆளாவது வந்ததே என்று நிமிர்ந்து பார்ப்பாரா என்றால் அதுவும் கிடையாது, குனிந்த தலை குனிந்தபடி 'பதினெட்டு' என்று போய்க்கொண்டே இருப்பார். மூன்றாவது வருஷம் நடக்கிறது, அவள் பெயரை அந்த மனுஷன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இதுவே ஒரு மனுஷிக்குப் பற்றிக்கொண்டு வரப் போதும், ஆனால் முனீஸ்வரிக்கு எரிச்சல் இத்தோடு முடியவில்லை. வரலாற்றை அவள் ஆசைப்பட்டு எடுக்கவில்லை, கேட்ட பாடம் கிடைக்காமல் கிடைத்ததில் சேர்ந்தவள்தான். ஆனால் பஸ் கண்டக்டரிலிருந்து பெரியப்பா மகன் வரை பார்க்கிறவர்கள் எல்லாம் 'வரலாறு படிச்சு என்ன செய்யப் போற' என்று கேட்டுக் கேட்டே அவளுக்கு அதில் ஒரு வீம்பைப் பிடித்துவிட்டார்கள். அவளுடைய அப்பா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர், நல்ல மனுஷன், மகளைச் சேர்க்கும்போதே ஒரு பேச்சுப் பேசித்தான் சேர்த்தார். "மூணு வருசம், தாயி. அதுக்கு மேல என்னால தனியா மூட்டத்தோட மல்லுக்கட்ட முடியாது. பிறகு நீயும் வந்துறணும், இல்ல, பாஸ் பண்ணி வேற எங்கயாச்சும் உருப்படியாப் போயிறணும்." அவள் சரி என்றாள். அந்த மூன்றாவது வருஷத்தில்தான், ஆள் குறைந்த துறைகளை மூட மேலிடத்தில் முடிவாகிவிட்டது, தை பிறந்ததும் ஆய்வுக் குழு வரும் என்று அலுவலகச் சூப்பிரண்டு செண்பகராமன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். துறையை மூடினால் அவளை வணிகவியலுக்கு மாற்றிவிடுவார்கள், முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் வருஷத்திலிருந்து என்றால் கரிமூட்டம்தான் என்று முனீஸ்வரிக்கு விளங்கிவிட்டது.

பஞ்சத்துச் சனம் வந்தது அதற்கு மறுவாரம்.

அன்றைக்குப் பாடம் வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சம். பேராசிரியர் நடத்துவது என்றால் நோட்ஸ் சொல்லுவதுதான், அந்த நோட்ஸை அவர் தம்முடைய இளவயதில் எழுதி, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்த பிறகும் விடாமல், கமா ஃபுல் ஸ்டாப் எல்லாம் சேர்த்துச் சொல்லி எழுத வைப்பார். பஞ்சத்துக்குக் காரணங்கள் ஆறு, விளைவுகள் ஏழு, பரீட்சைக்கு இரண்டில் ஒன்று கட்டாயம் வரும். "நாலாவது காரணம், கமா, விளைந்த தானியத்தையும் கப்பலேற்றியது, ஃபுல் ஸ்டாப்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கருவேலங்காட்டைப் பார்த்துத் திறக்கிற பின்வாசல் வழியாக அவர்கள் உள்ளே வந்தார்கள். விலா எலும்பைத் தொட்டு எண்ணிவிடலாம் போலிருந்த ஆண்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், பிள்ளையைப் போலவே சுருங்கிப்போன கிழவர்கள், கையில் ஆளுக்கொரு காலிக் கலயம், காலெல்லாம் எந்த ஊர்ப் புழுதி என்று தெரியாத ஒரு வெளுத்த புழுதி. வந்தவர்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஒருவர் பின் ஒருவராகக் காலிப் பெஞ்சுகளில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், இடம் போதாமல் தரையிலும் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, "வர்றவங்க நேரத்துக்கு வரணும்" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது காரணத்துக்குப் போனார். அதை முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மணி அடித்தும் அவர்கள் போகவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் இரண்டு நாள் சுற்றுப்பட்டிச் சனம் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தது, எங்கள் வீட்டு மூக்கு அந்தக் கடைசி பெஞ்சுக்காரருக்கு இருக்கிறது, இல்லை அது உங்கள் வீட்டு மூக்கு என்று சண்டை போட்டது, பிறகு பழைய வேட்டி சேலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. வார்டு உறுப்பினர் ஒருவர் தம் படத்தைப் பெரிதாகவும் 'பஞ்சத்து உறவுகளே வருக' என்பதைச் சிறிதாகவும் போட்டு வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார். பொருளாதாரத் துறைத் தலைவர் வந்து, பஞ்சம் எங்கள் பாடத்திட்டத்திலும் இருக்கிறது, நியாயப்படி பாதி ஆட்கள் எங்களுக்குச் சேர வேண்டும் என்று மல்லுக்கு நின்றார். கணிதத் துறையிலும் ஆள் குறைச்சல், அவர்கள் குழு வந்துபோகும் வரை கொஞ்சம் பேரைக் கைமாற்றாகக் கேட்டார்கள். விடுதிச் சமையலம்மா ஆவுடை மட்டும் எதையும் கேட்கவில்லை, உலையில் கூட அரிசியைக் கொட்டினாள். "சோறுன்னு வந்து நிக்கிறவுகள எந்த வருசத்து ஆளுன்னா கேக்க முடியும்" என்றாள். ஆனால் அவர்கள் அந்தச் சோற்றைத் தின்னவில்லை, பத்திரமாக முந்தானையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார்கள், அந்தச் சோறு நாள்போக்கில் காயவும் இல்லை கெடவும் இல்லை. தங்களுக்கில்லாமல் வேறு யாருக்கோ எடுத்துப்போகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஆவுடை சொன்னாள்.

எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டவர் சூப்பிரண்டு செண்பகராமன்தான். துறை போனால் அவருடைய நாற்காலியும் போய்விடும், எந்த மாவட்டத்துக்குத் தூக்கி அடிப்பார்களோ தெரியாது. அதனால் டி.சி. இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை, பிறந்த தேதி கேட்டால் விழிக்கிறார்கள் என்ற சில்லறைச் சிக்கல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஆளுக்கொரு நம்பர் போட்டு, நம்பர் எழுதிய அட்டையை நீல நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். நம்பரைக் கூப்பிட்டதும் 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும் என்று தாமே நின்று பழக்கினார். அவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் பேராசிரியர் பதிவேட்டை விரித்ததும் அந்த வகுப்பு முழுக்க ஒரே சமயத்தில் முன்னால் சாயும். பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிடும். அவர் ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்து நம்பர்களை எல்லாம் சொல்லிக் காத்திருந்து காத்திருந்து கடைசியில் பதிவேட்டை மூடுவார், மூடியதும் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுவார்கள், அதில் கரும்பலகைக்குக் கீழே கிடக்கிற சாக்குத்தூள் எழும்பி முனீஸ்வரியின் தலையில் வந்து படியும். பேராசிரியரோ புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் விட்டுப்போகக் கூடாது என்று தினமும் முதல் காரணத்திலிருந்து ஆரம்பிப்பார், ஐந்தாவதில் மணி அடித்துவிடும். ஆறாவது காரணம் என்னவென்று அவள் யாரிடம் போய்க் கேட்பது. போதாததற்கு மூன்று வருஷமாகக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெஞ்சில் இப்போது அவளுக்கு அரை முழ இடம்தான், பக்கத்தில் ஒரு நடுவயதுக்காரி மடியில் சோற்று மூட்டையோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுதும்போதெல்லாம் முழங்கை இடித்தது.

ஒருநாள் மத்தியானம் முனீஸ்வரி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "எத்தனை நாளா ஒட்டிக்கிட்டு உக்காந்துருக்கீக, உங்களுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அந்தப் பெண் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, தொண்டையில் தூசி அடைத்த குரலில், "உடையா" என்றாள்.

"சரி, உடையா அக்கா, அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"இருக்கேன் சாமி" என்றாள் உடையாள். சொல்லிவிட்டு எழுந்தாள், சோற்று மூட்டையை இடுப்பில் செருகினாள், கழுத்து அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், பின்வாசல் வழியாக இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் விறுவிறுவென்று நடந்தாள், அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்தவள்போல அவ்வளவு அவசரம். முனீஸ்வரி பின்னாலேயே ஓடிப் பார்த்தாள். காட்டில் முள்ளும் வெயிலும்தான் இருந்தன.

பஞ்சகாலத்தில் சர்க்கார் திறந்த கஞ்சித்தொட்டிகளில் பெயர் கூப்பிட்டால்தான் கலயத்தில் கஞ்சி விழும், கூப்பிடாதவர்கள் கூப்பிடும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பேராசிரியரின் நோட்ஸிலேயே, ஐந்தாவது காரணத்துக்குக் கீழே, ஒரு வரி இருந்தது. அதை மனப்பாடம் செய்திருந்த முனீஸ்வரிக்கு அது அப்போதுதான் உறைத்தது. நேரே சூப்பிரண்டிடம் போனாள்.

"சார், அவுகள பேர் சொல்லிக் கூப்பிட்டாப் போயிருவாக சார். அதுக்குத்தான் உக்காந்துருக்காக."

செண்பகராமன் பேனா மூடியைக் கடித்தார். "அப்ப கூப்பிடாத."

"பாவம் சார்."

"பாவந்தான். நான் இல்லைங்கல. குழு வந்துட்டுப் போகட்டும், அப்புறம் நீயே கூப்பிட்டு அனுப்பி வை. இப்ப கூப்பிட்டா யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுப் பாரு. வணிகவியல், முதல் வருஷம்."

அவள் யோசித்துப் பார்த்தாள். மூட்டத்தின் புகையும், அப்பாவின் இருமலும், 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லப்போகிற பெரியப்பா மகனின் முகமும் வரிசையாக வந்தன. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆனால் உடையாள் போனதை மற்றவர்கள் பார்த்திருந்தார்கள். மறுநாளிலிருந்து முனீஸ்வரி எங்கே போனாலும் ஒருவர் வந்து நின்றார். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு கிழவர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்து "மொக்கையன்" என்றார், சொல்லிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். விடுதி வரிசையில் பின்னால் நின்றவள் "தொட்டிச்சி" என்றாள். நூலகத்தில் அலமாரிக்கு அந்தப்பக்கத்திலிருந்து "சடையன்" என்று வந்தது. பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்த ஒருத்தி தன் பெயர் நாகி என்றும், இடுப்பில் இருக்கிறவனுக்கு இன்னும் பெயர் விடவில்லை, பூச்சி என்று கூப்பிடுகிறோம் என்றும் சொன்னாள். முனீஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், வேறு வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தாள், "எனக்குப் படிக்கிற வேலை இருக்கு, போங்களேன் தாயே" என்று எரிந்து விழுந்தும் பார்த்தாள். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, நாளைக்கு வரச் சொன்னதாக எடுத்துக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். போர் நடந்த ஆண்டுகளை எத்தனை முறை உருப்போட்டாலும் நிற்காத தலையில், இந்தப் பெயர்கள் ஒன்றுவிடாமல் நின்றன. அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அதையும் அவர்கள்மேலேயே காட்டினாள். தையில் வருவதாக இருந்த குழு மாசிக்குத் தள்ளிப்போனது, மாசியிலும் வரவில்லை. அத்தனை நாளும் அவர்கள் காத்திருந்தார்கள், அத்தனை நாளும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பங்குனி வெயிலில் குழு வந்தது. தலைவி ஒரு வயதான அம்மாள், இளநீரையும் சால்வையையும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வகுப்புக்குள் வந்தார். நிரம்பி வழிந்த பெஞ்சுகளைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். பேராசிரியர் பதிவேட்டை விரித்தார், வகுப்பு முன்னால் சாய்ந்தது, ஒண்ணு என்றார், பதில் இல்லை, பதினேழுக்கு முனீஸ்வரி சொன்னாள், அதற்குப் பிறகு கடைசி நம்பர் வரை ஒரு சத்தம் இல்லை.

"ஏன் யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க?" என்று தலைவி கேட்டார்.

"கூச்ச சுபாவம் மேடம், எல்லாம் கிராமத்துப் பிள்ளைங்க" என்றார் செண்பகராமன். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான மொக்கையன் தம் பொக்கை வாயைத் திறந்தபடி பேராசிரியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவி முனீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "நீயாவது பேசுறியே. ஹிஸ்டரி படிச்சு என்னம்மா செய்யப் போற?" பதிலுக்குக் காத்திராமல், "சரி, இப்ப என்ன பாடம்? தாது வருஷப் பஞ்சமா? காரணங்களைச் சொல்லு பாப்போம்" என்றார்.

முனீஸ்வரி எழுந்தாள். முதலாவது காரணம், பருவமழை பொய்த்தது என்றாள், அவள் வாய் திறந்ததும் அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. இரண்டாவது, மூன்றாவது என்று அவள் சொல்லச் சொல்ல அவர்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் அது தங்கள் பெயராக இருக்குமோ என்று எழப்போவதும், இல்லை என்றதும் உட்காருவதுமாக இருந்தார்கள். நாலாவதைச் சொன்னாள். ஐந்தாவதைச் சொன்னாள். ஆறாவது அவளுக்குத் தெரியாது, அதுவரைக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. வாயைத் திறந்தபடி நின்றவளின் கண்ணில் மொக்கையன் பட்டார், காதருகே குவிக்கிற அந்தக் கையை அவர் அப்போதும் குவித்து வைத்திருந்தார்.

"மொக்கையன்" என்றாள்.

"இருக்கேன் சாமி."

அவர் எழுந்து, அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். அதற்கு மேல் அவளால் நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் மனசில்லை, தொட்டிச்சி என்றாள் இருக்கேன் சாமி, சடையன் என்றாள் இருக்கேன் சாமி, வெள்ளச்சி, ஆண்டி, சின்னமுத்தன், கருப்பாயி, அவளைப் பெற்றவள் காத்தாயி, பெரிய ஓச்சன், சின்ன ஓச்சன், கண் தெரியாத நல்லான், அவனைக் கைபிடித்துக் கூட்டி வந்த கொழுந்தியாளையும் பெயர் சொன்னாள், நாகி என்றாள், நாகியின் மகன் பூச்சி என்றாள், அந்தப் பிள்ளைக்காகவும் தாயே 'இருக்கான் சாமி' என்று சொன்னாள், ஒவ்வொருவராக எழுந்து, நீல நாடாக்களை மேசைமேல் குவித்துவிட்டு, மடியில் முடிந்த சோற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வெயிலுக்குள் இறங்கிப் போனார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவு அவசரம் அவர்களுக்கு. கடைசிப் பெயரைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் பெஞ்சுகளும் புழுதியும்தான் மிச்சம்.

"மூடிக்கோங்க" என்றாள் முனீஸ்வரி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. "துறையை மூடிக்கோங்க. என்னைய வணிகவியலுக்கு மாத்திக்கோங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

தலைவிக்கு விளங்கவில்லை. "உன்னை யாரும்மா மாத்தப் போறா? மூடறதுன்னா இனிமே சேர்க்கை கிடையாதுன்னு அர்த்தம். சேர்ந்த பிள்ளை ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் முடிக்கிற வரைக்கும் நடத்தித்தான் ஆகணும். அது எப்பவும் உள்ள விதிதானே, உங்க ஆபீஸ்ல சொல்லலியா?"

செண்பகராமன் ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று முனீஸ்வரிக்கு வாய் வரைக்கும் வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. குழாயடியும் நூலகமும் பஸ் நிறுத்தமும் நினைவுக்கு வந்தன, காதைப் பொத்திக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்தச் சோற்றுக்காக எந்தெந்த வீட்டில் யார் யார் காத்துக் கிடந்தார்களோ, உடையாள் போன அன்றைக்கே எல்லாரையும் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம், அனுப்பியிருந்தாலும் அவளுக்கு ஒரு மயிர்கூட உதிர்ந்திருக்காது.

குழு சாப்பிடப் போனது. பேராசிரியர் மட்டும் தம் இடத்தில் நின்றார், என்ன செய்வதென்று தெரியாதபோது தெரிந்ததைச் செய்கிறவர் அவர், பதிவேட்டை மறுபடியும் விரித்து, "ஒண்ணு" என்றார். காத்திருந்தார். "ரெண்டு" என்றார்.

முனீஸ்வரி மேசையில் ஓங்கி அடித்தாள். "ஐயா, நான் ஒருத்திதான்யா இருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவளையும், குவிந்து கிடந்த நாடாக்களையும் பார்த்தார். பிறகு, தாழ்ந்த குரலில், "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

சொன்னாள்.

"முனீஸ்வரி" என்று அவர் கூப்பிட்டார், பழக்கமில்லாததால் நம்பரைச் சொல்லுகிற மாதிரியேதான் கூப்பிட்டார்.

"இருக்கேன் சாமி" என்று அவள் வாயிலிருந்து வந்தது. கால்கள் தாமாக எழுந்தன, கை பையை எடுத்தது, பின்வாசல் திறந்து கிடந்தது, மூன்று வருஷத்துக் கோபமும் உடம்பைவிட்டு இறங்கிப் போனதுபோல அத்தனை லேசாக இருந்தது. இரண்டு எட்டு வைத்தவள் மடியைத் தொட்டுப் பார்த்தாள். கொண்டுபோய்க் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, உடையாள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஆறாவது காரணம் சொல்லுங்கய்யா" என்றாள்.

அவர் உதிர்ந்த தாள்களைப் புரட்டித் தேடினார். "ஆறாவது காரணம், கமா, நிர்வாகத்தின் மெத்தனம், ஃபுல் ஸ்டாப்."

முனீஸ்வரி ஆறாவது காரணம் என்று எழுதினாள், கமா போட்டாள், அவர் சொன்னதை எழுதிக்கொண்டாள். அதன் கீழேயே, அவர் சொல்லாததையும் ஒரு வரி எழுதினாள்.

சித்திரையில் நடந்த பரீட்சையில் அந்தக் கேள்விதான் வந்தது. முடிவு வந்த பிறகு அவள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிப் பார்த்தாள். ஆறு காரணங்களுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஏழாவதாக அவள் எழுதியிருந்த 'பெயர் தெரிந்தவளும் கூப்பிடவில்லை' என்ற வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்து, தேவையில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அவள் பாஸ்.